இரண்டும் ஒரே பக்கம்

பேருந்துக்குக் கூடு கட்டும் தொழிற்சாலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். சீட்டக்கா என்றால்தான் திரும்புவாள். இருக்கைப் பிரிவில் இருபத்தெட்டு வருடம். அவள் தைத்த இருக்கைகளில் ஊரில் பாதிப் பேர் உட்கார்ந்து தூங்கியிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள், ஒருத்தி பிள்ளையே பெற்றிருக்கிறாள். தையல் பிரிந்துவிட்டது என்று இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. பிளேடு போட்டுக் கிழித்தவர்கள் உண்டு. அது அவள் குற்றமா என்ன?

கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார். மீதி நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பார். கப்பலில் நாற்பது பேருக்கு ஆக்கிப்போடுகிற மனிதருக்கு வீட்டு உப்பு டப்பா மட்டும் கண்ணில் படாது. எனவே சீட்டக்கா தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகியிருந்தாள். முடித்த பேருந்தை, மழைக்கு ஒழுகுமா என்று பார்க்கும் தண்ணீர்ச் சோதனைக்கு நகர்த்த டிரைவர் வரவேண்டும் என்று தினமும் காத்திருந்து பொறுமை போய், நாற்பதாவது வயதில் கனரக லைசென்ஸும் எடுத்துவிட்டாள். பதினோரு மீட்டர் பேருந்தைப் பின்னாலேயே எடுத்து, இரண்டு தூண்களுக்கு நடுவில் அலுங்காமல் நிறுத்துவாள். அதைப் பார்த்து வாயடைத்துப்போன டிரைவர்கள் பலர்.

அவளுடைய வாயை அடைக்கக்கூடிய ஒரே ஆள் அவளுடைய அண்ணன்.

அவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஊர் அவரை 'அரைமில்லி' என்று அழைத்தது. சுவரில் மாட்டிய படம் அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. யார் வீடு என்றெல்லாம் பார்க்க மாட்டார். எழுந்து போய் நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பன்னிரண்டு வயதில் அவர் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தபோது எட்டு வயதுத் தங்கை ஒரு திருகாணியை எடுத்துப் பார்த்தாள். "கை வைக்காதே!" என்று ஒரு கத்து கத்தினார். அந்தக் கத்தலுக்கு இன்றுவரை வயதாகவில்லை. அவர் சைக்கிளில், பேனாப் பெட்டியில், கேமராவில் அவள் கை வைத்ததே கிடையாது.

காரில் கேட்கவே வேண்டாம்.

அது அறுபது வருடப் பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். உயரம் இடுப்பளவுதான் இருக்கும். ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை இருபது வருடத்துக்கு முன்னால் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எஞ்சினைப் பிரித்தார், தரையை வெட்டி ஒட்டினார், ஏழு தடவை பச்சைச் சாயம் அடித்து ஆறு தடவை சுரண்டினார். அண்ணி அந்தக் காரைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். "உங்க அண்ணன் எனக்கு ஒரு தலைவலி மாத்திரை வாங்கிட்டு வரச் சொன்னா மறந்துடுவாரு. சக்களத்திக்கு வாஷர் தீர்ந்துபோனா பஸ் ஏறிப் போவாரு" என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அண்ணிக்கு எதையும் சிரித்துத்தான் சொல்ல வரும்.

கார் தயாராகிவிட்டது. கதவுகளின் உள்பக்கம் மட்டும் வெறும் தகரம். பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கூடி மலைப்பாதை வழியாக நீர்த்தேக்கம் வரை போகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. நாற்பது கார், பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவு. ஓட்டப்போவது அண்ணன், பக்கத்தில் அண்ணி. அதற்காக அண்ணி ஒரு கறுப்புக் கண்ணாடியும் தலையில் கட்டிக்கொள்ளப் பச்சை ஸ்கார்ஃபும் வாங்கி வைத்திருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"கதவுக்கு உள்பக்கம் பேனல் செய்யணும். தையல் வேலை நிறைய இருக்கு. உன்னால முடியுமா?"

சீட்டக்காவுக்குக் காதில் விழுந்தது நிஜம்தானா என்று சந்தேகமாகிவிட்டது. வாழ்நாளில் முதல் முறையாக அண்ணன் அவளிடம் ஒன்று கேட்கிறார். அந்தச் சந்தோஷத்தில் ஏன் கேட்கிறார் என்று யோசிக்க மறந்துவிட்டாள். தலைகால் புரியாமல் சந்தோஷப்படுகிறவர்களுக்கு வழக்கமாக நேர்வதுதான்.

பழைய பேனல்களில் டிரைவர் பக்கத்தது மட்டும் உருவமாக மிஞ்சியிருந்தது. மற்றது ஈரத்தில் ஊறி, டீயில் விழுந்த பிஸ்கட் மாதிரி கையிலேயே உதிர்ந்தது. அவள் மிஞ்சியதை வைத்து அளவெடுத்தாள். தண்ணீர் தாங்கும் பிளைவுட், மூன்று மில்லி. இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரே வெட்டில் இரண்டையும் அறுத்தாள். கண்ணாடி சுற்றும் கைப்பிடிக்கு முன்பக்கம் ஒரு துளை, கதவு திறக்கும் பிடிக்குப் பின்பக்கம் ஒரு துளை, ஓரம் சுற்றிக் கிளிப்புகளுக்குப் பதினான்கு. பிறகு பழுப்பு ரெக்சினுக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்சு வைத்து, விரல் அகலத்துக்கு ஒரு கோடாக, கறுப்பு நூலில் நெடுக்காகத் தைத்தாள். அந்த நிற ரெக்சினை இப்போது யாரும் செய்வதில்லை. அண்ணன் எங்கேயோ ஒரு கடையின் பரணிலிருந்து பிடித்த கடைசித் துண்டு அது. இரண்டு பேனலுக்குச் சரியாக இருக்கும், மேற்கொண்டு நாலு விரல் அகலம் மிஞ்சும்.

"வீணாக்கிடாதே. வேற கிடையாது" என்று மூன்று தடவை சொன்னார்.

வீணாக்கவில்லை. பலகையில் ரப்பர் பசை தடவி, காயவிட்டு, தைத்த ரெக்சினை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினாள். ஓரத்தைப் பின்பக்கம் மடித்து ஸ்டேப்பிள் பின் அடித்தாள். முதல் பேனல் எப்படி வந்ததோ, அச்சு மாறாமல் இரண்டாவதும் வந்தது.

வியாழக்கிழமை மாலை இரண்டையும் போர்வையில் சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். கார் ஷெட்டில் இருந்த நீள மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

மறுபடி கிட்டே போய்ப் பார்த்தாள்.

இரண்டு பேனலும் ஒரே பக்கத்துக்கு இருந்தன. இரண்டிலும் உயரமான முனை இடப்பக்கம், சரிவு வலப்பக்கம். ஒரு காரின் இரண்டு கதவுகள் இரண்டு உள்ளங்கை மாதிரி ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது பலகையை முகம் திருப்பிப் போட்டு ஒட்டியிருக்க வேண்டும். அவள் திருப்பவில்லை. பேருந்துக்குக் கதவு ஒரு பக்கம்தான். இருபத்தெட்டு வருடத்தில் நூற்றுக்கணக்கான கதவுகளுக்கு ரெக்சின் ஒட்டியவளுக்கு, ஜோடிக் கதவு என்று ஒன்று இருப்பதே கைக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒட்டினது ஒட்டினதுதான். பிய்த்தால் ஸ்பாஞ்சு கிழியும். ரெக்சினும் வேறு இல்லை.

பின்னால் செருப்புச் சத்தம். அண்ணன் வந்தார். பின்னாலேயே டீ டம்ளர்களோடு அண்ணி வாசல் வரை வந்தாள்.

சீட்டக்கா கண்ணை மூடிக்கொண்டு திட்டுக்குத் தயாரானாள். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கப்போகிறது, நாற்பத்தாறு வருடத்துப் பழைய கத்தல் கிளம்பப்போகிறது.

அண்ணன் மேஜையருகே குனிந்தார். முதல் பேனலின் தையல்மேல் விரலை ஓட்டினார். அடுத்ததைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் ஒருக்களித்து, கோழி தானியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஜோடி பிரமாதமா வந்திருக்கு" என்றார். "தையல் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. சனிக்கிழமை மாட்டிடலாம்."

சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதலில் கிண்டல் என்று நினைத்தாள். அண்ணன் நையாண்டியில் கெட்டிக்காரர். திரும்பி வந்து பிடிபிடியென்று பிடிப்பார் என்று காத்திருந்தாள். வரவில்லை. உள்ளே வானொலிச் செய்தி கேட்கிற சத்தம்தான் வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுவரில் அரை மில்லி சாய்வைப் பொறுக்காத மனிதர், கண்ணெதிரே இரண்டு கதவும் ஒரே பக்கத்துக்குக் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பிரமாதம் என்கிறார்.

ஓரம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிப் பேனல்களை வீட்டுக்கே எடுத்து வந்தவளுக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கிளிப் டப்பாவில் எழுதியிருந்ததை அவளைப் படிக்கச் சொன்னது. டீயை மேஜை விளிம்பில் வைத்துக் கவிழ்த்தது. பேசும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு பேசியது. இதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஊரார் தையலில் ஒரு தப்புத் தையலைக் கண்டுபிடிப்பவள், சொந்த அண்ணனைக் கோட்டைவிட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழிற்சாலையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனாள். அண்ணி கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் ஷெட்டில் கிளிப்புகளை விரலால் தடவித் தடவி நல்லது, வளைந்தது என்று பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உனக்குக் கண்ணுல என்ன?"

கை நின்றது. "என் கண்ணுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"இது எத்தனை விரல்னு கேட்கணுமா?"

"உன் வேலை பேனல் செய்யறது. செஞ்சாச்சில்ல? போ."

அவள் போகவில்லை. அண்ணன் இன்னும் நாலு கிளிப்பைப் பிரித்தார். அவை எல்லாமே வளைந்தவை. நல்லது இருந்த குவியலில் போட்டார். பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நடுவுல போயிடுச்சு" என்றார். "ரெண்டு கண்ணுலயும். நேரா பார்த்தா புகை மாதிரி ஒரு வட்டம். ஓரத்துல எல்லாம் தெரியுது. திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"வண்டி ஓட்டக்கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அப்புறம்?"

"இருபது வருஷம்மா." அண்ணன் குரல் அவளுக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "ஒரே ஒரு நாள். ரோட்டோட ரெண்டு ஓரமும் எனக்குத் தெரியும். முன்னாடி போற கார் சத்தத்தை வச்சுப் போயிடுவேன். ஞாயித்துக்கிழமை முடிஞ்சதும் சாவியை நானே கொண்டாந்து தரேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதே."

"அண்ணிதான் பக்கத்துல உக்காரப்போறாங்க."

"தெரியும்."

"எதிர்ல ஒரு ஆள் ரோட்டைக் கடந்தா?"

அவர் கையிலிருந்த கிளிப்பை டப்பாவில் போட்டார். பிறகு எழுந்தார். "சொன்னேன்னா இந்த வீட்டுப் பக்கம் வராதே. நீயும் நானும் அத்தோட சரி." பழைய அண்ணன் திரும்பி வந்துவிட்டார்.

சீட்டக்கா தொழிற்சாலைக்குத் திரும்பினாள். அன்று மாலைவரை அவள் தைத்த மூன்று இருக்கைகளைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியிருந்தது. சொன்னால் அண்ணன் போய்விடுவார். சொல்லாவிட்டால் அண்ணனும் அண்ணியும், யார் பெற்ற பிள்ளையோ ஒன்றும், எங்கோ ஒரு வளைவில் போய்விடலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்லலாம். மற்றவர்களுக்கு அவர் அண்ணன் இல்லை. அவள் அப்பா போன பிறகு படிப்புக்கும் கல்யாணத்துக்கும் நின்றவர் அவர்தான். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டாதவரும் அவர்தான். அவரை அவருடைய வீட்டிலேயே, அவருடைய மனைவிக்கு முன்னால் தலைகுனிய வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது பேனலைச் சரிசெய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கை போகவில்லை. அப்படியே வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பேனல்களோடு போனாள். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே பார்த்தாள். அண்ணி பச்சை ஸ்கார்ஃபைக் கட்டிப் பார்த்துக்கொண்டு, கார் கழுவத் தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து ஷெட் வாசலுக்கு நேரே வைத்தாள். "பைப்பை மூடிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டு வீட்டு மூலைக்குத் திரும்பினாள். அதே நொடியில் எஞ்சின் உறுமியது. கார் பின்னால் வந்தது. பழக்கப்பட்ட கை, பழக்கப்பட்ட வேகம்.

வாளி சக்கரத்துக்கடியில் நொறுங்கியது. தண்ணீர் கேட் வரை ஓடிவந்து சீட்டக்காவின் செருப்பை நனைத்தது.

"யாரு இதை இங்க வச்சது?" என்று அண்ணன் காரிலிருந்தே கேட்டார்.

அண்ணி ஓடிவந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "சக்களத்தி என் வாளியை ஒழிச்சுட்டா! இப்பதான் வச்சுட்டு அந்தப் பக்கம் போனேன். நல்லவேளை!"

சீட்டக்கா நொறுங்கிய வாளியைத் தாண்டி உள்ளே வந்தாள். அண்ணி சிரிப்பதைப் பார்த்தாள். அண்ணன் ஸ்டியரிங் வளையத்தை விடாமல் பிடித்தபடி காரிலேயே உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள். அவருக்குத் தெரிந்திருந்தது. வாளி இருந்த இடத்தில் சற்றுமுன் யார் நின்றிருந்தது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர் இறங்கி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, "கொண்டா, மாட்டலாம்" என்றார்.

அவள் கொடுத்தாள்.

டிரைவர் பக்கத்துப் பேனலை அவரே மாட்டினார். ஈரம் ஏறாமல் இருக்க முதலில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அதன்மேல் பேனலைப் பொருத்தி, உள்ளங்கையால் ஓரம் ஓரமாக அடித்தார். பதினான்கு கிளிப்பும் டப்டப்பென்று உட்கார்ந்தன. கண்ணாடிக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினார். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. விரல்களுக்குக் கண் தேவையே இல்லை. அந்த அழகைச் சீட்டக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த பக்கம் போனார். இரண்டாவது பேனலை வைத்தார். உட்காரவில்லை. நகர்த்தினார். சரிவு மேலே முட்டியது, துளை தகரத்தின்மேல் போய் நின்றது. எடுத்துத் தொடைமேல் வைத்து விரலை ஓட்டினார். முன் முனை, கைப்பிடித் துளை, சரிவு. விரல் அப்படியே நின்றது.

"ரெண்டும் ஒரே பக்கம்!" தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். "ரெண்டும் ஒரே பக்கத்துக்கு வெட்டியிருக்க! கண்ணை எங்க வச்சிருந்த? இருக்கறதே அந்த ஒரு துண்டு ரெக்சின்! பஸ்ஸுக்குச் சாக்கு தைக்கிறவகிட்டக் கொடுத்தேன் பாரு, என் புத்தியை..."

"ஆமா. தப்பு என்னுதுதான்" என்றாள் சீட்டக்கா. அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "வியாழக்கிழமையே தப்பு. ரெண்டையும் இதே மாதிரி மேஜைல பக்கத்துல பக்கத்துல வச்சேன். நீ குனிஞ்சு பார்த்த. என்ன சொன்ன அண்ணா?"

அவர் பேனலை மறுபடி தடவினார்.

"என்ன சொன்னன்னு அண்ணிகிட்டச் சொல்லு."

"ஜோடி பிரமாதம்னு சொன்னாரு" என்றாள் அண்ணி. அவளும் அங்கேதான் நின்றிருந்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் பாதி மிச்சமிருந்தது. பேனலைப் பார்த்தாள், கார் கதவைப் பார்த்தாள், நொறுங்கிக் கிடந்த வாளியைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

அண்ணி நிதானமாக நடந்து வந்து கணவருக்கு நேர் எதிரே, ஒரு முழ தூரத்தில் நின்றாள்.

"என்னைப் பாருங்க. என்ன தெரியுது?"

"விளையாடாதே."

"என்னங்க தெரியுது?"

அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். "உன் காது ரெண்டும் தெரியுது" என்றார். "ஸ்கார்ஃப் தெரியுது. பச்சை."

"முகம்?"

அவர் தலையாட்டினார், இல்லை என்று.

"எத்தனை நாளா?"

"ஏழு மாசம்."

"போன வாரம் ஸ்கூட்டர்ல மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்களே."

"ஓரத்துல தெரியும்..."

அண்ணி அவரை அடிக்கப்போகிறாள் என்று சீட்டக்கா நினைத்தாள். அடிக்கவில்லை. ஸ்கார்ஃபை அவிழ்த்தாள், அவர் முகத்து வியர்வையை அதனால் துடைத்தாள். துடைக்கும்போதே அழுதாள். "ஏழு மாசமா என் முகத்தைப் பார்க்காமலா என்கூடச் சண்டை போட்டீங்க?" என்றாள்.

அண்ணன் காரிலிருந்து சாவியை எடுத்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தங்கையின் பக்கம் திரும்பினார், அவளுடைய தோளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு.

"சொல்லாதேன்னேன்."

"சொல்லிட்டேன். இனிமே வரக்கூடாதுன்னா வரல" என்றாள் சீட்டக்கா. "ஆனா நாளைக்கு மட்டும் வருவேன். நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காரு."

"நீயா? இதை?"

"பதினோரு மீட்டரை ஓட்டுறவளுக்கு இந்தத் தீப்பெட்டியா பெரிசு?"

"கியர் பெட்டி பழசு. உன் பஸ்ஸை இழுக்கற மாதிரி இழுத்தா பல்லு போயிடும்."

"பக்கத்துல உக்காந்து கத்து. உனக்குத்தான் நல்லா வருமே."

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு சீட்டுதானே இருக்கு" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் போங்க. இருபது வருஷம் காத்திருந்தேன், இன்னும் ஒரு நாள் ஆகட்டும்."

மதியம் சீட்டக்கா தொழிற்சாலைக்குப் போனாள். இரண்டாவது பேனலின் ரெக்சினைப் பிய்த்தாள். பயந்தபடியே கிழிந்தது. பலகையைச் சுரண்டித் துடைத்து, இந்தத் தடவை முகம் திருப்பிப் போட்டு, மறக்காமல் இருக்க அதன்மேல் சாக்பீஸால் பெரிதாக ஒரு அம்புக்குறி போட்டாள். பழுப்பு இல்லை. மேலதிகாரியிடம் கேட்டு, இருக்கைக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். பேருந்து நீலம். ஐம்பது பேர் உட்கார்ந்து அழுக்காக்கினாலும் தெரியாத நீலம். அதே விரல் அகலம், அதே கறுப்பு நூல்.

ஞாயிறு காலை அண்ணன் அதைத் தானே மாட்டினார். இந்த முறை பதினான்கு கிளிப்பும் ஏறின. தையல்மேல் விரலை ஓட்டிவிட்டு, "நேரா இருக்கு" என்றார். "நிறம் சேர்ந்திருக்கா?"

பொய் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல. பஸ் நீலம்."

அண்ணன் திகைத்துப்போய் நின்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தார். "ஏழு தடவை சாயம் அடிச்சேன்டி, அந்தப் பச்சைக்கு" என்றார்.

மலைப்பாதை முழுக்க அவர் கத்திக்கொண்டே வந்தார். இரண்டாவது கியர், கிளட்ச், பிரேக்கை விடு, பிரேக்கைப் பிடி. முதல் மூன்று வளைவுகளில் சீட்டக்காவுக்கு முதுகு நனைந்துவிட்டது. வண்டி அவள் பழகிய எதைப் போலவும் இல்லை. வளையத்தைத் தொட்டால் திரும்பிவிடுகிறது, தரை உட்காருமிடத்துக்கு ஒரு சாண் கீழே ஓடுகிறது. ஆறாவது வளைவில் ஒரு பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடு ரோட்டில் வந்தார். அவள் நிறுத்தினாள். சைக்கிளுக்கும் காருக்கும் நடுவில் இரண்டடி இருந்தது.

"என்ன? ஏன் நின்னுட்ட?" என்றார் அண்ணன். அவர் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைக்கிள். ஒரு பெரியவர்."

அவர் அதற்குப் பிறகு நாலு வளைவுக்குக் கத்தவில்லை. கைப்பிடிக்குக் கீழே நீல ரெக்சினை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"நேரா பார்த்தா உன் கை தெரியுது" என்றார் திடீரென்று. "ஓரத்துல. கியர் மேல கையை விறைப்பா வைக்காதே. சும்மா வை."

அவள் சும்மா வைத்தாள். கியர் வெண்ணெயாக விழுந்தது.

நீர்த்தேக்கத்தில் கூட்டம் கூடியது. ஒருவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் நீலமா, யார் செய்த கூத்து இது என்று கேட்டார். "என் தங்கச்சி" என்றார் அண்ணன். "ரெண்டையும் ஒரே பக்கம் வெட்டிட்டா. எனக்குக் கண்ணு தெரியல, அதனால கவனிக்கல." அதை அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். கேட்டவர் கதவை மெதுவாகச் சாத்தினார்.

திரும்பி வந்தபோது அண்ணி கேட்டில் நின்றிருந்தாள். அண்ணன் இறங்கினார், கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டார்.

"ஏறு. தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க."

"நீங்க?"

"நான் பார்க்கிறேன்."

அண்ணி பச்சை ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நீலத்தைத் தொட்டுப் பார்த்தாள். சீட்டக்கா வண்டியை எடுத்தாள். பத்தடி போனதும் கண்ணாடியில் பார்த்தாள். அண்ணன் நடுத்தெருவில் நின்றுகொண்டு எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்தால்தான் அவருக்குக் கார் தெரியும்.